உல்லாசக் கப்பலும் பேனாக்கத்தியும்

மேனாட்டார் தம் ஓய்வு நாட்களைக் கழித்தற்கு மேற்கொள்ளும் வழிகளுள் கடற்பயணம் இன்று பெரிதும் விரும்பப்படுவதாயுளது. ஓர் ஊரினின்றும் மற்றோர் ஊரை அடையும் பொருட்டுச் செல்லும் பயணமன்று இது; கப்பலில் இருத்தலையே பயனாகக் கருதிச் செல்லும் பயணம். 2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்காவின் மியாமித் துறைமுகத்தினின்றும் முதன்முறையாகப் பிரயாணிகளுடன் புறப்பட்ட 'ஐகான் ஆப் தி ஸீஸ்' என்னுங் கப்பல் 20 தட்டுக்களை உடையது. பிரயாணிகள் 7,600 பேர் வரையிலும், அவர்க்குப் பணிபுரிவோர் 2,350 பேரும் அதன்கண் தங்கலாம். நம் நாட்டுச் சிற்றூர் பலவற்றினும் மிக்க குடித்தொகையுடைய ஓர் ஊர் அப்படியே பெயர்ந்து நீர்மேற் செல்கின்றது என்னலாம். அவ்வூரில் நீந்துங் குளங்கள் உள. நாடக அரங்கு உளது. சூதாடுமிடமும் மதுச்சாலைகளும் உள. போலீஸ் நிலையம் மட்டும் இல்லை. காவலர் உளரெனினும், அவர் அரசாங்கத்தின் ஏவலரல்லர். கப்பற் கம்பெனியின் உப்பை உண்பவர்.

இவ்வுண்மையை அறிந்த பிரயாணிகளிற் சிலர், சிறப்பாகத் தனியே செல்லும் மகளிரும் முதியோரும், "எம் பாதுகாப்பின் பொருட்டுப் பேனாக்கத்தி யொன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாகாதோ?" என்று வினவுகின்றனர். உலக அனுபவம் மிக்கவராகத் தம்மை எண்ணுவோர் இவ்வினாவைக் கேட்டு நகைப்பர். நாம் நகைக்கமாட்டோம். இவ்வினாவை எழுப்பும் அச்சம் பொய்யச்சமன்று. அவ்வச்சத்திற்குத் தேடப்பெற்ற மருந்தே பொருந்தாதது. இதுவே நாம் ஈண்டு நிறுவ விரும்புவது.

முதற்கண் கத்தியின்மீது நமக்கு யாதொரு பகையுமில்லை என்பதைச் சொல்லிவிடுகின்றோம். பேனாக்கத்தி என்னும் பெயரே அதன் பிறப்பைக் காட்டும். பறவையின் இறகைச் சீவிப் பேனாவாக்கிய காலத்தில், அதனைச் சீவுதற்கென்று மேனாட்டு எழுத்தாளர் மேசையில் வைத்திருந்த கருவி அது. நம் முன்னோர் பனையோலையில் எழுதிய காலத்தும் எழுத்தாணியோடு ஓலை வாருங் கத்தி யொன்று உடனிருந்தது. கைப்பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணியைக் கண்டவர்க்கு இன்றைய மடக்குக்கத்தி புதுமையாகத் தோன்றாது. தமிழ் பயில்வோராகிய நாம் ஒருவகையிற் கத்திக்குக் கடன்பட்டவரே. 1897ஆம் ஆண்டில் கார்ல் எல்ஸனர் என்னும் சுவிட்ஸர்லாந்துத் தொழிலாளர் பதிவுசெய்த கத்தியும் போர் செய்தற்கு எழுந்ததன்று; டப்பியைத் திறத்தல், திருகாணியைக் கழற்றுதல் முதலிய சில்லறை வேலைகட்கே ஏற்பட்டது. மாலுமிகளும் கயிறறுக்கக் கத்தி வைத்திருந்தனர். ஆடுங் கப்பலில் தவறியேனும் சினந்தேனும் ஒருவரைக் குத்திவிடாதபடி அவர்தங் கத்திகளிற் பல முனை மழுங்கியனவாய் அமைந்தன. கடலை நன்கறிந்தோர் கப்பலிற் கூரிய முனையை அஞ்சினர் போலும்!

இனிக் கப்பலின் விதியை நோக்குவாம். பிரயாணி கப்பலில் ஏறுமுன் அவன் மூட்டை முடிச்சுக்கள் யாவும் எக்ஸ்-ரே கருவியினூடே செலுத்தப்பெறுகின்றன. கத்தியைப்பற்றிய விதி கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சிலர் அலகின் நீளத்தை அங்குலத்தால் அளந்து, குறுகியதாயின் விடுப்பர். சிலர் எவ்வகைக் கத்தியையும் விடார். பறிக்கப்பட்டது பயண முடிவில் திரும்பக் கிடைப்பதுமுண்டு, கிடையாதொழிவதுமுண்டு. ஆதலின் இன்ன கப்பலில் இன்ன அளவு என்று அவ்வக் கம்பெனியின் விதியைப் பார்த்தறிதலே தக்கது. இவ்வளவில் அந்த விஷயம் முடிந்தது.

ஆயின் இவ்விதியைக் குறைகூறுவோர் சொல்லும் வாதம் ஒன்றுண்டு, அது கேட்கத்தக்கதே. "உணவுச்சாலையில் இறைச்சியறுக்கும் கூரிய கத்தியை ஒவ்வொருவர் தட்டின் பக்கத்திலும் கம்பெனியாரே வைக்கின்றனர். அதனை ஒருவன் எடுத்துச்செல்ல எவ்வளவு நேரமாகும்? அங்ஙனமிருக்க எம் மூன்றங்குலக் கத்தியைப் பறிப்பது வீண் நாடகமன்றோ?" என்பர். எம் விடுதியில் ஓரிரவு இவ்வாதம் நிகழ்ந்தபோது, பெரும்பாலோர் இதற்கே கைதட்டினர். எனினும் வேறுபாடு உளது. மேசைக்கத்தி மேசையில் இருப்பது. பரிமாறுவோர் அதனை வைப்பதும் எடுப்பதும் பலர் காண நிகழ்வன. பையிலுள்ள கத்தியோ உடையவனோடு எங்குஞ் செல்வது. நள்ளிரவில் மதுச்சாலைக்குஞ் செல்வது. அங்கே இரண்டு கோப்பை உட்சென்றபின் எழும் பூசலிலும் உடனிருப்பது. கம்பெனியின் தடையில் முழுப் பயனில்லை என்பதை ஒப்புவோம். சிறு பயனும் இல்லையென்பதை ஒப்போம்.

இச்சோதனை எதனால் வந்தது என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆந் தேதி, எகிப்து நாட்டுக் கடற்கரையை அடுத்துச் சென்றுகொண்டிருந்த 'அக்கீலே லாவுரோ' என்னும் இத்தாலியக் கப்பலைப் பாலஸ்தீனப் போராளிகள் நால்வர் கைப்பற்றினர். அவர் கடற்கொள்ளையர் போலப் படகேறி வந்தவரல்லர். பயணச்சீட்டுப் பெற்றுப் பிரயாணிகளாகவே ஏறியவர். ஆயுதங்களையும் தம்முடனே கொண்டுவந்தவர். சக்கர நாற்காலியில் இருந்த 69 வயதினரான லியான் கிளிங்ஹாபர் என்னும் அமெரிக்க முதியவரை அவர் சுட்டுக் கொன்று கடலில் எறிவித்தனர். இக்கொடுமையின் விளைவாக 1988இல் ரோமாபுரியில் நாடுகள் கூடிக் கடற்பயணத்துக்கு ஊறுசெய்வோரைத் தண்டிக்கும் உடன்படிக்கை யொன்றைச் செய்தன. 2001ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிகழ்ந்த அழிவிற்குப்பின், கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் உரிய பாதுகாப்பு விதித்தொகை யொன்று வகுக்கப்பெற்று, 2004ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இன்று நம் பேனாக்கத்தியைக் கண்டுபிடிக்கும் சல்லடையே அன்று அந்நால்வரின் துப்பாக்கியையும் கண்டுபிடித்திருக்கக் கூடியது. என் கத்தி மட்டும் கண்ணிற் படாமல், பிறன் கத்தி மட்டும் அகப்படுமாறு ஒரு சல்லடையைச் செய்தல் எவர்க்கும் இயலாது.

விமானத்தில் நிகழ்ந்த ஒன்றும் இங்கே ஒப்புநோக்கத்தக்கது. 2013ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க அரசாங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தார், 6 சென்டிமீட்டருக்கு மேற்படாத அலகுடைய சிறு கத்திகளை விமானத்துள் கொண்டுசெல்லலாம் என்று அறிவித்தனர். விமானத்திற் பணிபுரியும் மகளிரும் ஆடவரும் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஜூன் மாதத்தில் அவ்வறிவிப்புக் கைவிடப்பட்டது. பிரயாணி தன் ஒருவனது பாதுகாப்பையே எண்ணினான். குடித்து மதிமயங்கியவனை அடக்கவேண்டிய பணியாளன் தன் வயிற்றை எண்ணினான். கப்பலிலும் நிலைமை இதுவே. நம் நாட்டு இளைஞரும் பிலிப்பைன் நாட்டு இளைஞரும் அக்கப்பல்களிற் பலராகப் பணிபுரிகின்றனர். அறையைத் துடைத்துப் படுக்கை விரிப்போன் ஒருவன், தான் திறக்கும் கதவுக்குப் பின்னிருப்பவர் கையில் யாதுளதோ என்று ஐயுற்று வாழ்தல் நன்றன்று. கத்தி வேண்டுமென்போர் இப்பணியாளரைப்பற்றி நினைத்ததாகவே தெரியவில்லை.

நிற்க. கப்பலில் மெய்யாகவே நிகழுங் குற்றங்கள் யாவை? அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களிற் குற்றம் நிகழ்ந்ததாக அறிவிக்கப்படும் முறையீடுகளை, அந்நாட்டுப் போக்குவரத்து இலாகாவினர் மூன்று மாதத்துக்கொரு முறை வெளியிடுகின்றனர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது கொலையன்று, கொள்ளையன்று. பெண்டிர்க்கும் சிறார்க்கும் பிறர்க்கும் இழைக்கப்படும் பாலியற் கொடுமையே. இக்கொடுமை முகமூடியணிந்த கள்வன் இருளிலிருந்து பாய்வது போல நிகழ்வதென்று எண்ணுதல் பிழை. உடனுண்டவன், உடனாடியவன், மது வாங்கிக் கொடுத்தவன், ஒரோவழி அறைக்குத் திறவுகோலுடைய பணியாளன் ஆகியோரே இதனைச் செய்வோர். ஒருவரை நம்பி அறைக்குள் விட்ட பின்னரோ, மதுவினால் அறிவு மயங்கிய பின்னரோ, மேசை இழுப்பறையில் மடங்கிக் கிடக்கும் கத்தி யாது செய்யும்?

மடங்கிக் கிடக்கும் என்றது வேண்டுமென்றே. நீச்சலுடையில் உலவும் நாட்களைக் கொண்ட பயணம் இது, அவ்வுடைக்குப் பையேது? கத்தி பெரும்பாலும் அறையிலேயே தங்கும். கையில் இருந்ததாகவே வைத்துக்கொள்ளினும், பேனாக்கத்தியைத் திறப்பதற்கு இரு கையும் நகமும் வேண்டும். பூட்டில்லா அலகு, எதிர்ப்பட்டதிற் பலமாகக் குத்தினால் மடங்கி உடையவன் விரலையே வெட்டும். குறுகிய நடைவழியில், தன்னினும் வலியவன் எதிரே நிற்க, அவன் கையைப் பற்றித் திருகினால் கத்தி கைமாறிவிடும். "கத்தி இருத்தலால் நெஞ்சிற் றைரியம் பிறக்குமே" என்றார் எம் நண்பர் ஒருவர். பிறக்கும். அத்தைரியமே நாம் அஞ்சுவது. விலகிச் செல்லவேண்டிய இடத்தில் நிற்கவும், கூவி அழைக்கவேண்டிய பொழுதில் வாய்மூடி இருக்கவும் அது தூண்டும்.

கடற்கொள்ளையரைப்பற்றிச் சொல்வார்க்கும் ஒரு செய்தி உண்டு. 2005ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் தேதி சோமாலியக் கரைக்கப்பால் 'ஸீபோர்ன் ஸ்பிரிட்' என்னும் உல்லாசக் கப்பலைக் கொள்ளையர் தாக்கினர். துப்பாக்கியாலும் ராக்கெட்டாலும் சுட்டனர். கப்பல் தப்பியது. காவலர் இருவர் பேரொலி எழுப்புங் கருவியையும் தீயணைக்கும் நீர்க்குழாயையும் கொண்டு எதிர்த்ததும், மாலுமி கப்பலை விரைந்து செலுத்தியதுமே அதற்குக் காரணம். பிரயாணிகளின் சட்டைப்பைகளில் என்ன இருந்தது என்பதை அன்று எவரும் கேட்டிலர்.

கப்பலை விட்டுக் கரையேறிய இடத்துக் கத்தி உதவாதோ எனின், அங்கேதான் இடர் மிகுதி. உல்லாசக் கப்பல் நாளைக்கொரு துறையைத் தொடும். துறைதோறும் சட்டம் வேறு. இங்கிலாந்தில், பல கப்பல்கள் புறப்படும் ஸவுதாம்ப்டன் நகரத் தெருவில், 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியை மட்டுமே காரணங் கூறாது வைத்திருக்கலாம் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் கூறும். அலகு திறந்தபின் பூட்டிக்கொள்ளுமாயின் அச்சலுகை இல்லை. ஜப்பானில், தக்க காரணமின்றி 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைச் சுமந்து திரிதல் குற்றம். இவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பொருள் ஆயுதமாவது அதனைச் சுமப்பவன் கருத்தினாலும் ஆம். ஆப்பிள் அரியக் கொண்டேன் என்பவன் கையிற் கருவியாய் இருப்பது, பிறரைக் காயப்படுத்தித் தப்புதற்குக் கொண்டேன் என்பவன் கையில் ஆயுதமாய்விடுகின்றது. பாதுகாப்பிற்காக வைத்திருக்கின்றேன் என்று மெய்யைக் கூறும் நற்பிரயாணி, தன் வாயாலேயே தன்னைச் சிறைக்கு அனுப்புதலுங் கூடும்!

அங்ஙனமாயின் அஞ்சுவோர் செய்வது யாது? விதிப்படி நடந்து வாளா இருமின் என்று கூற நாம் இதனை எழுதவில்லை. கத்தியை நாடச்செய்த குறை எங்குளதோ அங்கே கூர்மை வேண்டும் என்கின்றோம். 2004ஆம் ஆண்டில் அலாஸ்காவை நோக்கிச் சென்ற ஒரு கப்பலில் அமெரிக்கப் பெண்மணி யொருவர் காணாமற் போயினார். அவர் படுக்கையில் உறங்கியிலர் என்பதை அறைப்பணியாளர் தம் மேலாளரிடம் கூறியும், போலீஸாருக்கு உடனே செய்தி செல்லவில்லை. மகளைத் தேடிய தந்தை, தாமே செலவிட்டுத் துப்பறிவோரை அமர்த்தி இதனை அறியவேண்டியதாயிற்று. அவர் கத்தி வாங்கவில்லை. தம்மைப்போல் இழந்தோரைத் திரட்டி 2006இல் ஒரு சங்கங் கண்டார். காங்கிரஸ் சபையின் முன் சாட்சி கூறினார். 2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட உல்லாசக் கப்பற் பாதுகாப்புச் சட்டம், இத்தகையோர் முயற்சியின் விளைவு.

அச்சட்டம் கேட்பன மிக எளியவை; எளியவாயினமையின் நமக்கு வியப்பைத் தருகின்றன. தட்டின் விளிம்பிலுள்ள கம்பித்தடுப்பு 42 அங்குலத்துக்குக் குறையலாகாது. அறைக்கதவில், வெளியே நிற்பவரைப் பார்த்தறியத் துளையோ வேறு வழியோ இருத்தல் வேண்டும். புதிய கப்பல்களிற் கதவுக்கு உட்டாழும், எவ்வெப்பொழுது திறக்கப்பட்டதென்று காட்டுந் திறவுகோலும் வேண்டும். எந்தப் பணியாளர் எப்பொழுது பிரயாணியின் அறைக்குட் புகலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். கொடுமைக்குள்ளானவரைச் சோதித்துச் சான்று சேர்க்கும் பயிற்சி பெற்ற மருத்துவரும் மருந்தும் கப்பலிலேயே வேண்டும். பாதிக்கப்பட்டவர் கம்பெனியாரின் தயவின்றித் தனித்துத் தொலைபேசியில் அரசாங்கப் போலீஸாரோடு கட்டணமின்றிப் பேசும் வசதி வேண்டும். கொலை, காணாமற் போதல், பாலியற் கொடுமை, 10,000 டாலருக்கு மேற்பட்ட களவு ஆகியவற்றைக் கம்பெனியார் மத்திய புலனாய்வுத் துறைக்கு அறிவித்தே தீரவேண்டும். கதவில் ஒரு துளையிடுதற்கு 2010 வரையிற் காத்திருந்ததும், அதற்கொரு சட்டம் வேண்டியிருந்ததும் அன்றோ வியப்பு! முதலில் விசாரணை முடிவுற்ற வழக்குகளின் கணக்கே வெளியிடப்பெற்றது. முறையிடப்பட்ட யாவும் கணக்கில் வருமாறு 2014இல் திருத்தம் நேர்ந்தது.

இன்னுந் திருத்தவேண்டியன உள. பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் பனாமா, பஹாமா, மால்ட்டா முதலிய நாடுகளின் கொடியைப் பறக்கவிடுகின்றன. ஆழ்கடலில் முதன்மையாக அதிகாரஞ் செலுத்துவது கொடிக்குரிய நாடு. அக்கொடியின் கீழ் இடருற்றவர், தாம் ஒருநாளும் கண்டறியாத நாட்டின் போலீஸாரை நாட நேர்கின்றது. மேலும் 1920ஆம் ஆண்டு இயற்றிய அமெரிக்கச் சட்டமொன்று, ஆழ்கடலிற் கம்பெனியின் பிழையால் இறந்தவர்க்காகப் பெறும் நட்டஈட்டைப் பெரும்பாலும் பண இழப்பளவில் நிறுத்துகின்றது. பொருளீட்டாத குழந்தையோ, உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்ற பாட்டியோ இறந்துபடின், குடும்பத்தார் பெறுவது மிகச் சிறிதே; துயரத்துக்கு விலையில்லை என்பர். விமானத்தில் இறந்தோர் விஷயத்தில் இக்குறை 2000ஆம் ஆண்டில் ஓரளவு நீக்கப்பட்டது; கப்பலில் இறந்தோர்க்கு அங்ஙனம் நீக்கப்படவில்லை. பேனாக்கத்திக்காக வாதாடும் ஊக்கத்திற் பாதியை இப்பழஞ் சட்டத்தின்மேற் செலுத்தினால் எவ்வளவோ நலமுண்டு.

நமக்கும் இவ்விஷயம் அயலதன்று. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் சென்னைத் துறைமுகத்தினின்றும் உல்லாசக் கப்பற் பயணம் தொடங்கப்பெற்றது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுத் துறைகளில் பிரயாணிகளை ஏற்றும், இறக்கும் கப்பல்களுக்கே உரியது. சென்னையில் ஏறி இறங்குவோரை அது காவாது. ஆகவே நம்மவர் சீட்டு வாங்குமுன், கப்பலில் எத்தனை வகை உணவு உண்டு என்று கேட்பதோடு வேறு சிலவுங் கேட்டல் தகும். கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்கியது? கதவுக்கு உட்டாழ் உண்டா? என் அறையைத் திறக்கவல்ல திறவுகோல் வேறு எத்துணைப் பேரிடம் உளது? பெண் மருத்துவர் உளரா? நடுக்கடலில் இரவு இரண்டு மணிக்கு என் தங்கைக்கு ஓர் இடையூறு நேருமாயின், கம்பெனியின் ஊழியரல்லாத எவரோடு, எந்த எண்ணில் அவள் பேசலாம்?